வீட்டிலிருந்து ஒன்லைனில் உடற்பயிற்சி வகுப்பு எடுக்க நினைக்கும் தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று முதலில் சொல்லிப் பார்க்கிறேன். திருகோணமலை டவுனில் ஒரு ஜிம்மில் பெண்கள் பகுதியில் இரண்டு வருடம் பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள். இப்போது கையில் எட்டு மாதப் பிள்ளை. வெளியே வேலைக்குப் போக ஏலாது, அதனால் வீட்டிலிருந்தே ஒன்லைனில் வகுப்பு எடுக்கலாமா, என்ன கமரா வேண்டும், என்ன மைக் வேண்டும், எவ்வளவு காசு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள்: “தொட்டுத் திருத்த முடியாத ஆளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?” எனக்கு அதுதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் படுகிறது. கமராவும் மைக்கும் ஒரு பின்னேரத்தில் தீர்கிற விஷயம். இது பழக மாதக்கணக்கு எடுக்கும், அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி படிப்பித்தவள். 2020 மார்ச்சில் நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது, டச்சு பே கடற்கரையில் என்னோடு காலையில் நடக்கிற மூன்று பேருக்காக வட்ஸ்அப் வீடியோவில் தொடங்கினேன். அது நிற்கவேயில்லை. இப்போது வாரத்தில் ஐந்து நாள் எடுக்கிறேன், இங்கே உள்ளவர்களுக்கும், ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள எங்கட ஆட்களுக்கும். நான் டொக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்டும் இல்லை. கீழே எழுதுவதில் மருத்துவம் தொட்ட பகுதியை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு வருடம் நான் செய்த பெரிய பிழை, வகுப்பு முழுக்க அவர்களோடு சேர்ந்து நானும் செய்தது. வியர்த்து விறுவிறுத்து, மூச்சு வாங்கி, “வாங்கோ, இன்னும் பத்து” என்று கத்தி, நல்ல வகுப்பு எடுத்தேன் என்ற திருப்தியோடு போய்க் குளிப்பேன். ஒருநாள் எல்லாரிடமும் கேட்டு ஒரு வகுப்பைப் பதிவு செய்து, இரவு இருந்து பார்த்தேன். மேல் வரிசையில் ஒரு அக்காவுக்கு ஒவ்வொரு தடவை குந்தும்போதும் இரண்டு முழங்காலும் உள்ளே சரிந்து ஒன்றோடொன்று முட்டுகிறது. ஒன்று இரண்டு தடவை இல்லை, வகுப்பு முடியுமட்டும். நான் அந்த நேரமெல்லாம் கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு முழங்கால் நோகிறது என்று அதற்கு முதல் கிழமைதான் சொல்லியிருந்தார், நான் வயது என்று நினைத்துவிட்டேன். அன்றிலிருந்து என் முறையை மாற்றினேன். ஒரு பயிற்சியை இரண்டு தடவை முன்பக்கமாகவும் ஒரு தடவை பக்கவாட்டிலும் செய்து காட்டுவேன், அப்புறம் நிறுத்திவிட்டுத் திரைக்குக் கிட்ட வந்து ஆட்களைப் பார்ப்பேன். செய்து காட்டுகிற வீடியோ யூடியூபில் காசில்லாமல் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. உங்களுக்கு அவர்கள் காசு தருவது நீங்கள் அவர்களைப் பார்ப்பதற்கு.

இதனால்தான் ஒரு வகுப்புக்கு எட்டுப் பேருக்கு மேல் நான் எடுப்பதில்லை. மடிக்கணினித் திரையில் எட்டுப் பேரின் முழங்காலும் முதுகும் எனக்குத் தெரியும், அதற்கு மேல் போனால் ஆட்கள் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடுவார்கள். போனில் வகுப்பு எடுக்கப் போகிறீர்கள் என்றால் நாலு பேரோடு நில்லுங்கள், அல்லது போனைக் கமராவுக்கு வைத்துக்கொண்டு ஆட்களைப் பார்க்க இன்னொரு பெரிய திரை வைத்துக்கொள்ளுங்கள்.

தொட முடியாத இடத்தில் கையின் வேலையைச் சொல்தான் செய்யவேண்டும். ஜிம்மில் நாங்கள் பழகிய சொற்கள் வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாது. “இடுப்பை மடித்து முதுகை நேராக வையுங்கோ” என்றால் எல்லாரும் முதுகைத்தான் வளைப்பார்கள். “இரண்டு கையிலும் சாமான் பை, பிரிட்ஜ் கதவு திறந்து கிடக்கு, பின்பக்கத்தால தள்ளிச் சாத்துங்கோ” என்று சொல்லிப் பாருங்கள், ஒரு சொல்லும் மேலதிகமாக வேண்டாம். கையைப் பின்னுக்கு இழுக்கிற பயிற்சிக்கு, கிணற்றில் வாளி இழுத்தவர்களுக்கு அதையே சொல்லலாம், இழுக்காத பிள்ளைகளுக்கு முழங்கையால் பின்சுவரை இடிக்கச் சொல்லலாம். இப்படி உங்களுக்கென்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்தச் சொல்லுக்கு எந்த உடம்பு அசைந்தது என்பதுதான் உங்கள் கைச்சரக்கு. இடம் வலம் வேறு குழப்பும். நீங்கள் அவர்களைப் பார்த்து நிற்கும்போது “வலது கை” என்று சொல்லிக்கொண்டு உங்கள் இடது கையைத் தூக்கவேண்டும், அப்போதுதான் கண்ணாடி மாதிரி அவர்களுக்குப் பொருந்தும். சூமில் உங்களைக் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டுகிற வசதி உங்கள் திரைக்கு மட்டும்தான், அவர்களுக்கு நீங்கள் திரும்பாமலேதான் தெரிவீர்கள். முதல் மாதம் நானே இதில் தடுமாறி, இடது மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூல் கட்டிக்கொண்டுதான் பழகினேன்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். கனடாவில், ஸ்காபுரோவில் இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர். முதல் நாள் அவருடைய திரையில் எனக்குத் தெரிந்தது சீலிங் ஃபேனும் அரை நெற்றியும்தான். போனை எங்கே வைப்பது என்பதற்கே பதினைந்து நிமிடம் போனது. கடைசியில் அரிசி டின்னில் சாய்த்து நாற்காலியில் வைத்தோம், கால் தெரிந்தது. பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, பின்னால் ஒரு மரக்கதிரை போடச் சொல்லி, “கதிரையில் இருக்கப் போங்கோ, உடுப்பு பலகையில முட்டின உடன எழும்புங்கோ” என்றேன். எழும்பும்போது குதிக்கால் தூக்கிக்கொண்டது. கெண்டைக்கால் தசை இறுக்கமாக்கும் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் காலில் தடித்த கம்பளிச் சொக்ஸ், கீழே வழுக்குகிற மரத்தரை. வழுக்கிவிடும் என்ற பயத்தில் கால் விரலால் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சொக்ஸைக் கழற்றி, பாயை விரித்தபிறகு குதிக்கால் தானாகவே தரையில் இருந்தது. ஜிம்மில் இது நடந்தே இருக்காது, ஏனென்றால் அங்கே தரை எங்கள் தரை. ஒன்லைனில் ஒவ்வொருவரின் தரையும், கதிரையும், கட்டிலின் மூலையும் உங்கள் வகுப்பறை. முதல் வகுப்புக்கு முன்னர் பத்து நிமிடம் தனியாக எடுத்து அந்த இடத்தைக் கமராவில் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து வீடுகளிலும் இதே கதைதான், மினுக்கின டைல்ஸ் தரையில் வியர்வை சொட்டினால் எண்ணெய் ஊற்றின மாதிரி.

அடுத்தது, விட்டுவிடக்கூடாத விஷயம். சேர்க்க முன் ஒவ்வொருவரிடமும் உடல்நிலை பற்றிக் கேட்டு எழுதி வாங்குங்கள். பார்-கியூ பிளஸ் (PAR-Q+) என்று ஒரு கேள்விப் படிவம் உலகம் முழுக்கப் பயன்படுகிறது, முதல் பக்கத்தில் ஏழு கேள்விகள்: இருதய நோய் அல்லது பிரஷர், நெஞ்சு வலி, தலைசுற்றல், நாட்பட்ட நோய், தொடர்ந்து எடுக்கிற மருந்து, எலும்பு மூட்டுப் பிரச்சினை, டொக்டர் மேற்பார்வையோடுதான் பயிற்சி செய்யவேண்டும் என்று சொன்னாரா என்பது. ஒன்றுக்கு ஆம் என்றாலும் மேலே விசாரிக்கவேண்டும், சந்தேகம் என்றால் டொக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லவேண்டும். ஆள் குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள். நான் திருப்பி அனுப்பினவர்கள் முக்கால்வாசிப் பேர் டொக்டரிடம் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

இதை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. மூதூரிலிருந்து ஒரு அக்கா, சீனி வருத்தம் உள்ளவர், காலை ஐந்தரை வகுப்பு. அன்றைக்குக் குளிசையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வந்து நின்றிருக்கிறார். அரை மணித்தியாலத்தில் கை நடுங்கி, சுவரில் சாய்ந்து, அப்படியே கமராவுக்குக் கீழே மறைந்துவிட்டார். நான் அழைக்கிறேன், பதில் இல்லை. அவசரமாக அவருடைய நம்பருக்கு எடுத்தால் சூம் ஓடுகிற அதே போன்தான் அடிக்கிறது, எனக்கு முன்னாலேயே, எடுக்க ஆள் இல்லை. அவருடைய மகள் அந்தச் சத்தம் கேட்டு எழும்பி வந்து சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்தாள், ஆள் தெளிந்துவிட்டார். எனக்கு அன்றைக்கு முழுக்கக் கை நடுக்கம் போகவில்லை. இப்போது ஒவ்வொருவரிடமும் மூன்று விஷயம் வாங்கி ஒரு மட்டையில் எழுதி மடிக்கணினிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்: வீட்டில் இருக்கிற இன்னொருவரின் நம்பர், முழு விலாசம், அந்த நாட்டு அம்புலன்ஸ் நம்பர். இலங்கையில் 1990, காசு கேட்கமாட்டார்கள். கனடாவில் 911, இங்கிலாந்தில் 999. வெளிநாட்டு நம்பர்களை இங்கிருந்து நீங்கள் அடித்தால் அங்கே போகாது, அதனால்தான் வீட்டிலுள்ள இரண்டாவது ஆளின் நம்பர் முக்கியம். முதலுதவியும் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றுகிற முறையும் செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோன் அம்புலன்சிலோ படிக்கலாம், தொட முடியாவிட்டாலும் வீட்டில் நிற்கிற பிள்ளைக்குப் போனில் சொல்லிச் செய்விக்க அது வேண்டும்.

சீனி வருத்தத்தில் உறுதியாகத் தெரிந்தவை இவை. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் மாதிரியான குளிசை எடுப்பவர்களுக்கும் பயிற்சி நேரத்தில் சீனி சடாரென இறங்கலாம், மெட்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. முதல் வகையினர் தொடங்க முன் பார்க்கும்போது இரத்தச் சீனி 90க்குக் (mg/dL கணக்கில்) கீழே இருந்தால் எதையாவது சாப்பிட்டுவிட்டுத்தான் செய்யவேண்டும். நடுங்கினால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் குடித்துப் பதினைந்து நிமிடம் இருந்து மறுபடி பார்க்கவேண்டும். மருந்தின் அளவை மாற்றுவது டொக்டரின் வேலை, கேட்டாலும் நீங்கள் வாய் திறக்காதீர்கள். பிரஷர் உள்ளவர்கள் பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கக்கூடாது, அதனால் நான் எல்லாரையும் வாய்விட்டு எண்ணச் செய்கிறேன். எண்ணுகிற ஆள் மூச்சை அடக்க முடியாது. சில பிரஷர் மருந்துகள் இருதயத் துடிப்பைக் குறைத்தே வைத்திருக்கும், கைக்கடிகாரம் காட்டுகிற நம்பரை அவர்களுக்கு நம்பவேண்டாம். கதைக்க முடியும், ஆனால் பாட முடியாது என்றால் அது நடுத்தரமான வேகம், இந்தச் சோதனை எல்லாருக்கும் பொருந்தும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தரப் பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தருகிற பயிற்சி, 65 வயதிலிருந்து மேலே உள்ளவர்களுக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும். இது உறுதியானது, இதை வைத்து உங்கள் கிழமை அட்டவணையைப் போடலாம். வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையும் என்பது நம்பக்கூடிய கதை இல்லை, “பத்து நாளில் வயிறு குறையும்” என்று விளம்பரம் போடாதீர்கள், பதினோராவது நாள் உங்களிடம்தான் கேட்பார்கள். ஒன்லைனில் செய்வது நேரில் செய்வது அளவுக்குப் பலன் தருமா என்பதற்கு என்னிடம் அனுபவம்தான் இருக்கிறது: தனியாகத் தொடங்க வெட்கப்படுகிறவர்களும் பிள்ளை வைத்திருக்கிறவர்களும் ஒன்லைனில் நிலைத்து நிற்கிறார்கள், நல்ல பாரம் தூக்க ஆசைப்படுகிறவர்கள் கொஞ்ச நாளில் ஜிம்முக்குப் போய்விடுகிறார்கள். இது எட்டுப் பேர், எட்டுப் பேராகப் பார்த்த கணக்கு, ஆராய்ச்சி இல்லை.

நீங்களே பிள்ளை பெற்று எட்டு மாதம் என்பதால் இன்னொன்று. துள்ளும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசிகிறது என்று பெண்கள் வாய்திறந்து சொல்லமாட்டார்கள், துள்ளுகிற பயிற்சி வந்தால் “தண்ணி குடிச்சிட்டு வாறன்” என்று கமராவை விட்டுப் போவார்கள். அது பிள்ளை பெற்றவர்களுக்கு வெகு சாதாரணமாக வருவது, இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சியால் பெரும்பாலும் குறையக்கூடியது, வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் ஒவ்வொரு துள்ளலுக்கும் துள்ளாத முறை ஒன்றை எல்லாருக்கும் பொதுவாகவே காட்டிவிடுகிறேன், யார் ஏன் அதை எடுக்கிறார் என்று கேட்பதில்லை. கசிவு நிற்காவிட்டால் பெண்கள் கிளினிக்கில் காட்டச் சொல்லித் தனியாகச் செய்தி அனுப்புவேன். உங்களுக்கும் இருந்தால் முதலில் உங்களைப் பாருங்கள்.

சரி, இனிச் சாமான்கள். இருக்கிற போனே போதும். குறுக்குவாட்டில் நிறுத்தி, இடுப்பு உயரத்தில், ஆளுக்கு எட்டு முதல் பத்து அடி தள்ளி வையுங்கள், தலையும் காலும் சேர்ந்து தெரியவேண்டும். ஜன்னல் உங்களுக்கு முன்னால் இருக்கட்டும், பின்னால் இருந்தால் நீங்கள் நிழலாகத்தான் தெரிவீர்கள். காசு செலவழிப்பதென்றால் கமராவுக்கு முன் மைக்குக்குச் செலவழியுங்கள், சட்டைக் கழுத்தில் குத்துகிற வயரில்லாத சின்ன மைக் நல்லது. படம் கொஞ்சம் மங்கினாலும் ஆட்கள் பொறுப்பார்கள், உங்கள் குரல் விட்டு விட்டுக் கேட்டால் விழுந்துவிடுவார்கள். எங்கள் ஊருக்கென்று சில சத்தங்கள் உண்டு. கார்த்திகை, மார்கழி மழை தகரக் கூரையில் கொட்டத் தொடங்கினால் எந்த மைக்கும் தாங்காது, கூரைத்தட்டு உள்ள அறை எது என்று இப்போதே பாருங்கள். திருவெம்பாவைக் காலத்தில் விடியற்புறம் கோயில் ஒலிபெருக்கி போகும், அந்தப் பத்து நாளும் நான் வகுப்பை அரை மணித்தியாலம் பின்தள்ளுகிறேன். வெக்கையான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு மூடின அறையில் வகுப்பு வைக்கவே வைக்காதீர்கள், உள்ளூர் ஆட்களுக்கு விடியற்காலைதான்.

இன்டர்நெட்டில் இறங்குகிற (டவுன்லோட்) வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், உங்கள் படம் போய்ச் சேர ஏறுகிற (அப்லோட்) வேகம்தான் வேண்டும். எனக்கு ஏறுவது விநாடிக்கு 2 மெகாபிட்டுக்கு (Mbps) குறையாமல் இருந்தால் வகுப்பு தடங்கலில்லாமல் போகிறது. ஃபைபர் உங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் 4ஜி ரவுட்டரை ஜன்னலோரம் வைத்து, வகுப்பு எடுக்கப்போகும் அதே நேரத்தில் ஒரு கிழமை சோதித்துப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், அப்போது வாங்கின ரவுட்டர் யூபிஎஸ் இன்றைக்கும் எனக்குக் கைகொடுக்கிறது. சூமின் இலவசக் கணக்கு நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும், நான் அதற்கேற்ற மாதிரி ஆறு நிமிடம் உடம்பைச் சூடாக்க, இருபத்தெட்டு நிமிடம் பயிற்சி, கடைசி ஆறு நிமிடம் தணிக்க என்று பிரித்துத்தான் தொடங்கினேன், இன்றுவரை அந்த நீளம்தான். குரல் ஒரு விநாடி பிந்திப் போகும், ஆகவே “மாத்துங்கோ” என்பதைக் கொஞ்சம் முந்தியே சொல்லவேண்டும். பாட்டை ஸ்பீக்கரில் போட்டால் சூம் அதை இரைச்சல் என்று வெட்டிவிடும், சினிமாப் பாட்டென்றால் உரிமைச் சிக்கலும் உண்டு, பேஸ்புக் லைவில் சத்தத்தையே நிறுத்திவிடுவார்கள். நான் பாட்டை விட்டுவிட்டேன். தமிழில் எண்ணுகிறேன், விரும்பினவர்கள் தங்கள் வீட்டில் தங்களுக்குப் பிடித்ததை மெதுவாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிற முஸ்லிம் சகோதரிகள் வீட்டில் முக்காடு இல்லாமல் செய்வார்கள். அவர்கள் என்னை நம்பித்தான் கமராவைத் திறக்கிறார்கள். பதிவு செய்யும் வசதியைப் பூட்டிவிடுங்கள், லிங்கை எந்தக் குழுவிலும் பொதுவாகப் போடாதீர்கள், ஒவ்வொருவரையும் பெயர் பார்த்து நீங்களே உள்ளே எடுங்கள், வகுப்பு நேரத்தில் உங்கள் வீட்டு ஆண்கள் அந்த அறைக்குள் வரக்கூடாது. கமராவை மூடி வைத்துத்தான் செய்வேன் என்கிறவரை நான் வற்புறுத்துவதில்லை, ஆனால் பார்க்காமல் பாரம் தூக்க வைக்கவும்மாட்டேன், கதிரையில் இருந்து செய்கிற பயிற்சிகளை மட்டும் கொடுப்பேன்.

வெளிநாட்டு ஆட்களை எடுப்பதென்றால் நேரத்தை ஒருமுறை வடிவாகக் கணக்குப் பாருங்கள். குளிர்காலத்தில் ரொறன்ரோவில் இரவு ஏழரை என்றால் எங்களுக்கு அடுத்தநாள் காலை ஆறு. மார்ச் இரண்டாவது ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினதும் அதே ஏழரை எங்களுக்கு ஐந்தாகிவிடும். லண்டன்காரர் மார்ச் கடைசி ஞாயிறுதான் மாற்றுவார்கள், இடையில் இரண்டு மூன்று கிழமை மூன்று ஊரும் மூன்று விதமாக நிற்கும். அந்தக் கிழமைகளில் ஒவ்வொரு வகுப்புக்கும் முதல்நாள் செய்தி அனுப்புங்கள். காசை மாதம் தொடங்க முன் வாங்குங்கள், வகுப்புக்கு வகுப்பு வாங்கப் போனால் மழை வந்தாலும் ஆள் வராது, மச்சாள் வீட்டுக் கலியாணம் வந்தாலும் ஆள் வராது. விலையை நாற்பது நிமிடத்துக்குப் போடாதீர்கள். தயார் செய்ய, செய்திகளுக்குப் பதில் சொல்ல, பிறகு ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதி வைக்க எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு வகுப்புக்கு ஒன்றேமுக்கால் மணித்தியாலம் போகிறது. இங்கே உள்ளவர்களுக்கு ஒரு தொகை, வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு வேறொரு தொகை என்று நான் வெளிப்படையாகவே சொல்லி வாங்குகிறேன், இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

பிள்ளை எந்த நேரம் நன்றாக நித்திரை கொள்கிறதோ அந்த நேரத்தில், உங்கள் ஜிம்மில் உங்களுக்குப் பழக்கமான மூன்று பேரை மட்டும் வைத்து, காசு வாங்காமல் இரண்டு கிழமை எடுத்துப் பாருங்கள். அவர்களில் ஒருவராவது முழங்கால் நோ உள்ளவராக இருக்கட்டும். நீங்கள் வகுப்பு எடுக்க நினைத்திருக்கிற அறையை, கதவடியிலிருந்து ஒன்றும் ஜன்னல் பக்கமிருந்து ஒன்றுமாக இரண்டு படம் எடுத்து இங்கே போட்டால், போனை எந்தச் சுவரோரம் வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.